கலமே இல்லமாக

கடல்நடுவே கீரை பயிரிட்டனர் என்றால் நம் பிள்ளைகள் நகைப்பர். இப்னு பதூதா தம் ரிஹ்லாவில் அதனையே எழுதுகின்றார்.

தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராக 1342இல் சீனம் நோக்கிப் புறப்பட்ட அவர், கள்ளிக்கோட்டைத் துறையில் 13 சீனக் கலங்களைக் கண்டார். பெருங்கலத்திற்கு ‘ஜுங்க்’ என்று பெயர். 3 முதல் 12 வரை பாய்கள், 4 தட்டுகள், 600 மாலுமிகள், 400 வீரர்கள். அறைகளுக்குப் பூட்டும் திறவுகோலும் உண்டு. மாலுமிகளின் குழந்தைகளும் அங்கேயே வாழ்ந்தனர். மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் விளைந்தன. பாய்களின் எண்ணிக்கையைவிட இத்தொட்டிகளே நம்மை வியக்கச் செய்கின்றன. குழந்தையும் கீரைப் பாத்தியும் உள்ள இடம் வீடன்றி வேறென்ன?

ஆனால் அத்துறையோ காற்றுக்கு மறைவற்ற திறந்த கடல். ஜுங்கின் நல்ல அறைகளைச் சீன வணிகர் முன்னரே அமர்த்திக்கொண்டமையால், இப்னு பதூதா தம் அடிமைகளையும் பொருள்களையும் ‘ககம்’ என்னும் சிறுகலத்தில் ஏற்றிவிட்டு, ஜுமுஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கினார். கடல் பொங்கியது. ஜுங்க் உடைந்தது, உடன்வந்த தூதர் மாண்டார். அதனைக் கண்ட ககத்தார் பாய்விரித்து அகன்றனர். இப்னு பதூதாவிடம் எஞ்சியவை 10 தீனார்களும் ஒரு விரிப்புமே.

ககம் கொல்லத்தில் தங்கிச் செல்லும் என்றனர் சிலர். 10 நாள் பயணஞ்செய்து அங்கு சேர்ந்தார். கலம் அங்கு இல்லை.