தூத்துக்குடி முத்து வளர்ப்பும் அறிவுசார் சொத்துரிமையும்

தூத்துக்குடி முத்து வளர்ப்புத் தொழில்நுட்பம் என்பது கடல் முத்துச்சிப்பியில் உருண்டை முத்தை மனித முயற்சியால் விளைவிக்கும் முறையாகும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள வேப்பலோடையில் 1972-73 ஆண்டுகளில் இதனை இந்தியாவில் முதன்முதலாக நிறைவேற்றியது. அரசுப் பணத்தில் நடைபெறும் அறிவியல் ஆய்வின் பயன் யாருக்கு உரியது, அதனைக் காப்பதா பகிர்வதா என்னும் கேள்விகளுக்கு இத்தொழில்நுட்பத்தின் வரலாறு ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் சங்ககாலம் முதலே புகழ்பெற்றவை. எனினும் இயற்கைச் சிப்பிகளின் வரத்து நம்பத்தக்கதாக இருந்ததில்லை. பல ஆண்டுகள் பார்கள் வெறுமையாகக் கிடப்பதும், திடீரெனச் சில ஆண்டுகள் சிப்பிகள் நிறைவதும் வழக்கம். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961 இல் நடைபெற்றது.

இதற்குள் ஜப்பான் வளர்ப்பு முத்தில் உலகச் சந்தையைக் கைப்பற்றியிருந்தது. கோக்கிச்சி மிக்கிமோட்டோ அரைமுத்து விளைவிக்கும் முறைக்கு 1896 இல் காப்புரிமை பெற்றார். உருண்டை முத்துக்கான முறை மிசே, நிஷிகவா என்னும் இருவரின் பெயரால் வழங்குகிறது. 1907 அளவில் இவ்விருவரின் விண்ணப்பங்களும் ஒன்றோடொன்று மோதியதால் உரிமை குறித்துச் சிக்கல் எழுந்தது. காப்புரிமைகளின் காலம் முடிந்த பின்னரும் ஜப்பானியர் இத்திறனை எளிதில் வெளியில் விடவில்லை. வெளிநாடுகளில் பண்ணை அமைத்த ஜப்பானிய நிறுவனங்கள் அறுவை நுட்பத்தைப் பிறர்க்குக் கற்பிக்கலாகாது என்பது அந்நாட்டின் கொள்கையாக இருந்தது. காப்புரிமை ஆவணம் எவரும் படிக்கக் கூடியது. கைத்திறனாக உள்ள அறிவை அவ்வாறு படித்து அறிந்துகொள்ள முடியாது. இந்தியா 1970களில் எதிர்கொண்ட தடை இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

வேப்பலோடை ஆய்வு

கா. அழகர்சாமி தலைமையிலான குழு 1973 இல் உருண்டை முத்தை விளைவித்தது. பிங்க்டாடா ஃபியூக்காட்டா என்னும் சிப்பி இனம் இதற்குப் பயன்பட்டது. ஒரு சிப்பியின் ஓட்டை ஒட்டியுள்ள போர்வைத் தோலிலிருந்து சில மில்லிமீட்டர் அளவுள்ள திசுத்துண்டு வெட்டி எடுக்கப்படுகிறது. ஓட்டிலிருந்து கடைந்த சிறு உருண்டையான கருமணியுடன் இத்துண்டு வேறொரு சிப்பியின் இனப்பெருக்கச் சுரப்பியினுள் பதிக்கப்படுகிறது. திசு வளர்ந்து கருமணியைச் சூழ்ந்து பை போலாகி, அதன்மேல் முத்துப் படலத்தைச் சுரக்கிறது. துண்டின் எந்தப் பக்கம் மணியைத் தொட வேண்டும், எங்கே கீற வேண்டும் என்பவற்றைக் கை பழகியே அறிய இயலும். மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் முத்துப் படலம் ஜப்பானை விட விரைவாகப் படிகிறது.

இந்த முடிவுகள் 1974 இல் 'கரண்ட் சயன்சு' ஆய்விதழில் வெளியிடப்பட்டன. 1981 இல் இதே குழு பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகளை உற்பத்தி செய்தது. இதனால் இயற்கைப் பார்களை மட்டும் நம்பியிருக்கும் நிலை மாறியது. இதன் விவரங்களும் பன்னாட்டு ஆய்விதழில் 1983 இல் அச்சேறின.

காப்புரிமைச் சட்டத்தின் நிலை

இந்நிறுவனம் ஏன் காப்புரிமை வழியை நாடவில்லை என்று இன்று கேட்பவர்கள் உண்டு. அன்றைய சட்டத்தைப் பார்த்தால் அவ்வழி ஏறத்தாழ அடைபட்டிருந்தது தெரியவரும். 1972 இல் நடைமுறைக்கு வந்த 1970 ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் வேளாண்மை முறைகளுக்குக் காப்புரிமை வழங்குவதில்லை (பிரிவு 3(எச்)). விலங்குகளின் அல்லது அவற்றின் விளைபொருளின் பொருளாதார மதிப்பைக் கூட்டுவதற்கான சிகிச்சை முறைகளையும் அச்சட்டம் விலக்குகிறது (பிரிவு 3(ஐ)). சிப்பிக்கு அறுவை செய்து முத்து விளைவிப்பது இதற்குள் அடங்கும் என்றே கொள்ளலாம். மேலும், அடிப்படை முறை உலகம் அறிந்தது. உள்ளூர்ச் சிப்பிக்கும் கடலுக்கும் ஏற்ப அமைத்துக்கொண்டதே இங்குப் புதியது. ஆய்விதழில் வெளிவந்ததை பின்னாளில் எவரும் தமது கண்டுபிடிப்பு என்று உரிமை கோர இயலாது என்பது வெளியீட்டால் விளைந்த ஒரு பாதுகாப்பு ஆகும்.

பரவலாக்கம்

நிறுவனம் பயிற்சி வழியாகவே இவ்வறிவைப் பரப்பியது. தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகமும் தூத்துக்குடியின் ஸ்பிக் நிறுவனமும் 1980களில் கூட்டாக முத்துப் பண்ணை முயற்சியில் இறங்கின. 1990களின் தொடக்கத்தில் வாலிநோக்கம் விரிகுடாவில் மீனவர்களைக் கொண்டே முத்து வளர்க்கும் சோதனை நடத்தப்பட்டது.

ஆயினும் தமிழகக் கடற்கரையில் இது பெருந்தொழிலாகவில்லை. அலை அடங்கிய விரிகுடாக்கள் இங்குக் குறைவு. ஓட்டில் ஒட்டும் உயிரிகளும் ஓட்டைத் துளைக்கும் உயிரிகளும் சிப்பிகளை அழிக்கின்றன. இந்தச் சிப்பியில் கிடைக்கும் முத்துகள் பெரும்பாலும் சிறியவை. பின்னர்ச் சீனாவின் நன்னீர் முத்துகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. தொழில்நுட்பம் இலவசமாகக் கிடைத்தபோதும், பண்ணை அமைக்கவும் முத்து விளையும் வரை காத்திருக்கவும் தேவையான முதல் முன்னாள் முத்துக்குளிப்போரின் குடும்பங்களிடம் இருக்கவில்லை. உரிமைக் கட்டணம் இல்லாமையை மட்டுமே பரவலாக்கம் என்று கருதுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

2006 க்குப் பிந்தைய மாற்றம்

இந்நிறுவனம் 1967 முதல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குகிறது. கழகம் அறிவுசார் சொத்து மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளை 2006 அக்டோபர் 2 முதல் நடைமுறைப்படுத்தியது. இதன்படி காப்புரிமை கழகத்தின் பெயரில் பெறப்படும். உரிமத் தொகையில் கண்டுபிடித்த அறிவியலாளருக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு நிறுவனத்திலும் இதற்கென ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. வணிகமாக்கலுக்காக 2011 இல் அக்ரின்னோவேட் இந்தியா என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. கடற்பாசி, பச்சைக் கல்லுமேக்காய் ஆகியவற்றின் சாறுகளிலிருந்து 'கடல்மீன்' என்னும் வணிகப்பெயரில் உருவான ஊட்டப்பொருள்கள் இப்புதிய முறையில் தனியாருக்கு உரிமம் வழங்கப்பட்டவை.

தூத்துக்குடி ஆய்வகத்தில் 2000களில் சிப்பிக்கு வெளியே திசு வளர்ப்பின் மூலம் முத்து உருவாக்கும் சோதனைகளும் வெற்றி கண்டன. உயிருள்ள விலங்கின் மீது செய்யப்படாத முறை என்பதால், பிரிவு 3(ஐ) இதற்குப் பொருந்தாது என வாதிட இடமுண்டு.

அருகிலுள்ள மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வேறு பாதையைத் தேர்ந்தது. கப்பாஃபைக்கசு கடற்பாசியிலிருந்து திரவ உரமும் காரகீனனும் ஒருங்கே பெறும் முறைக்கு 2005 இல் அமெரிக்கக் காப்புரிமை பெறப்பட்டது. வளர்ப்புத் தொழில்நுட்பம் பெப்சி நிறுவனத்திற்கு உரிமம் வழங்கப்பட்டது. வாங்குவதற்கு ஒரு நிறுவனம் முன்கூட்டியே இருந்ததால் மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் இத்தொழிலில் இறங்கின. அயலினமான இப்பாசி குருசடைத் தீவின் பவளங்களின் மேல் படர்ந்தது பின்னர்ச் சர்ச்சைக்குள்ளானது.

உயிர்வளமும் உரிமையும்

2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் மற்றொரு கட்டுப்பாட்டைக் கொணர்ந்தது. இந்திய உயிர்வளத்தின் அடிப்படையிலான கண்டுபிடிப்புக்கு அறிவுசார் சொத்துரிமை கோருவோர், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர்ப் பெருக்க ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். 2023 திருத்தத்தின்படி இந்தியர்கள் உரிமை வழங்கப்படும் முன் ஆணையத்திடம் பதிவு செய்தால் போதும். பயனைப் பகிரும் கடமை தொடர்பான விதிகள் இச்சட்டத்தில் உள்ளன. மன்னார் வளைகுடாச் சிப்பியைக் கொண்டு நடக்கும் ஆய்வும் இச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதாகும்.

அரசு நிதியில் விளைந்த அறிவுசார் சொத்துக்கென, அமெரிக்காவின் 1980 ஆம் ஆண்டு பே-டோல் சட்டத்தை ஒட்டிய ஒரு மசோதா 2008 இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகாமல் 2014 இல் திரும்பப் பெறப்பட்டது.