பட்டம் இல்லாதவர்களுக்கு ஒரு கல்லூரி

கோர்படியில் எங்கள் பில்டிங்கில் மூன்று தமிழ்க் குடும்பங்கள். கீழ் வீட்டு அக்காவின் பையன் இந்த வருடம் பன்னிரண்டாவதில் கோட்டை விட்டுவிட்டான். "தம்பி, ஊர்ல கம்யூனிட்டி காலேஜ்னு இருக்காமே. ஒரு வருஷப் படிப்பாம். அனுப்பலாமா? பேங்க்ல லோன் கிடைக்குமா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "டிகிரி இல்லாம எதுவும் நடக்காதுக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. பி.காம். படித்தவன் என்ற மிதப்பில் சொன்ன பதில் அது. அப்புறம் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நம்ம புனேயிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1854-ல் இங்கே ஒரு எஞ்சினியரிங் வகுப்பும் மெக்கானிக்கல் பள்ளியும் தொடங்கினார்கள். பொதுப்பணித் துறையில் கட்டிடம், பாலம், கால்வாய், ரயில் பாதை வேலைகளுக்குக் கீழ்நிலை ஊழியர்கள் வேண்டியிருந்தது. அவர்களைத் தயார் செய்யத்தான் அந்தப் பள்ளி. கண்டாலாவிலிருந்து புனேவுக்கு ரயில் வந்தது 1858-ல். இன்று நம்ம கோர்படி லோகோ ஷெட் சத்தத்தில் தூங்கி எழுகிறோமே, அந்தக் கதை தொடங்கிய காலம். பிறகு அந்தப் பள்ளி பம்பாய்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பட்டம் தரும் கல்லூரியாக வளர்ந்தது. அதுதான் இன்றைய சி.ஓ.இ.பி. 2022-ல் தனிப் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. பெருமைதான். ஆனால் கைவேலை கற்க வருகிறவனுக்காகத் திறந்த பள்ளியில், இன்று நுழைவுத் தேர்வில் ஜெயித்தவன்தான் நுழைய முடியும்.

அப்படியானால் மற்றவர்கள் எங்கே போவது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பதில் கிடைத்தது. 1901-ல் இலினாய் மாநிலத்தில் ஜோலியட் ஜூனியர் கல்லூரி ஆறே மாணவர்களோடு தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். 1947-ல் அதிபர் ட்ரூமன் அமைத்த குழுவின் அறிக்கைக்குப் பிறகு 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவியது. வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த செலவில், எந்த வயதிலும் படிக்கலாம் என்பதுதான் அடிப்படை.

அந்த யோசனை இந்தியாவுக்கு நம்ம பக்கம்தான் முதலில் வந்தது. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1996-ல் சென்னையில் மயிலை கத்தோலிக்க மறைமாவட்டம் இன்னொன்று தொடங்கியது. இதைப் பரப்பியதில் இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸுக்குப் பெரிய பங்கு. படிப்பை நிறுத்தியவர்களும் சேரலாம், வயது வரம்பு கிடையாது. தொழிலோடு வாழ்க்கைத் திறன், பேச்சுப் பயிற்சி, ஆங்கிலம், கம்ப்யூட்டர், கடைசியில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி.

ஆங்கிலம் என்றதும் என் ஞாபகம் வந்தது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், போன் மணி அடித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கணக்கு தெரியும், வாய்தான் வராது. கையில் வேலை தெரிந்தும் வாய் திறக்காததால் பின்தங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது பெரிய விஷயம்.

ஊருக்குத்தான் அனுப்ப வேண்டுமா? புனேயிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் பாபல் கிராமம். ஹிந்துஸ்தான் லீவர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி கல்பாக், 1983-ல் அங்கே போய் விக்யான் ஆசிரமம் தொடங்கினார். கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயர் இல்லை, நோக்கம் அதேதான். வெல்டிங், கட்டுமானம் ஒரு பக்கம். சாண எரிவாயு, சூரிய சக்தி, மழை அளப்பது, நிலம் அளப்பது என்று சுற்றுச்சூழல் பாடம் இன்னொரு பக்கம். கூடவே விவசாயம், ஆரோக்கியம். எல்லாம் செய்து பார்த்துக் கற்பது. கல்பாக் 2003-ல் காலமானார்.

இதில் குறையே இல்லையா? இருக்கிறது. முக்கியமான குறை அங்கீகாரம். தமிழ்நாட்டில் 2002-ல் உருவான திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறகு பல சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. 2009-ல் இக்னோ தேசிய அளவில் ஆரம்பித்த திட்டம் சில வருடங்களிலேயே நின்றுபோனது. 2013-ல் யு.ஜி.சி. வேறொரு திட்டம் கொண்டுவந்தது. ஆள் மாறி ஆள் கையெழுத்துப் போட்டால், சான்றிதழைக் கையில் வைத்திருக்கும் பையன் என்ன செய்வான்?

லோன் விஷயத்திலும் நான் அவசரப்பட்டுவிட்டேன். 2015-ல் வந்த திறன் கடன் திட்டத்தில் 5,000 முதல் 1.5 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்று இருந்தது. 2024-ல் அந்த உச்சவரம்பு 7.5 லட்சமானது. ஆனால் படிப்பு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப் போனேன். "அக்கா, அன்னிக்கு நான் தெரியாம சொல்லிட்டேன்" என்றேன். சேர்க்கும் முன்னால் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார், வேலையிடத்தில் எத்தனை வாரப் பயிற்சி, ஆங்கிலம் பேசச் சொல்லித் தருகிறார்களா. விட்டுப்போன பாடத்தையும் மறுபடி எழுதட்டும் என்றேன்.

அதுவரை அறைக்குள்ளேயே இருந்த பையன் எட்டிப் பார்த்தான். "அங்கிள், பாபலுக்கு எந்த பஸ்?" என்று கேட்டான்.