ஆங்கிலேயர் செவியில் அமெரிக்கப் பேச்சு

கடல் கடந்து வேற்று மண்ணில் வேரூன்றும் மொழி, தாய்நிலத்தாரின் செவிக்கு மெல்ல மெல்ல அயலாகி விடுகிறது. அவ்வாறு அயலானதைத் 'திரிபு' என்றும் 'சிதைவு' என்றும் கூறுவது தாய்நிலத்தாரின் இயல்பு. அமெரிக்கரின் ஆங்கிலத்தைக் கேட்ட ஆங்கிலேயர் அதைப் பற்றிக் கூறிய கருத்துகள் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தில் பதிவாகியுள்ளன. அவற்றைக் கால முறையில் வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அமெரிக்கரின் நா மாறிய அளவினும், அதனைக் கேட்டவர் செவியின் மதிப்பீடு மாறிய அளவே பெரிது என்பதே அது.

போற்றிய காலம்

1607-இல் ஜேம்ஸ்டவுனிலும் 1620-இல் பிளிமத்திலும் குடியேறிய ஆங்கிலேயர் தம் நாட்டு வட்டார வழக்குகளைத் தம்மோடு கொண்டு சென்றனர். பல வட்டாரத்தாரும் கலந்து வாழ்ந்தமையால், தனி வட்டாரத்துக்கே உரிய ஒலிகள் நாளடைவில் தேய்ந்தன. புதிய சொற்களைக் கேட்டு முகம் சுளித்தவர் அன்றும் இருந்தனர். ஜார்ஜியாவின் சவன்னா நகருக்கு வந்த பிரான்சிஸ் மூர், ஆற்றங்கரை மேட்டினைக் குறிக்க அங்குள்ளோர் வழங்கிய 'பிளஃப்' என்னும் சொல்லைப் பண்படாத ஆங்கிலம் என்று குறித்தார்.

ஆயினும் ஒலிப்பு பற்றிய கருத்து வேறாக இருந்தது. மேரிலாந்தில் பணியாற்றிய வில்லியம் எடிஸ், குடியேறியோர் வழியினரின் பேச்சு ஒரு சீராகவும் கலப்பற்றும் விளங்குவதாக 1770-இல் வியந்து எழுதினார். நிக்கலஸ் கிரெஸ்வெல் 1777-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் மேலும் ஒரு படி சென்று, பொதுவாக அமெரிக்கர் ஆங்கிலேயரினும் நன்றாக ஆங்கிலம் பேசுகின்றனர் என்று பதிந்தார். நியூ இங்கிலாந்தார் பேச்சில் ஒலித்த ஒருவகை முனகல் இசையை மட்டுமே அவர் விலக்காகச் சுட்டினார். ஸ்காட்லாந்திலிருந்து சென்று, பின்னாளில் பிரின்ஸ்டன் எனப் பெயர் பெற்ற கல்லூரிக்குத் தலைவரான ஜான் விதர்ஸ்பூன், 1781-இல் இதற்குக் காரணமும் கூறினார். ஓரிடத்தில் நிலைத்திராமல் அடிக்கடி இடம் பெயர்வதால், அமெரிக்கப் பொதுமக்களிடம் வட்டாரக் கூறுகள் படியவில்லை என்பது அவர் கருத்து. 'அமெரிக்கனிசம்' என்னும் சொல்லை ஆக்கியவரும் அவரே.

இகழ்ந்த காலம்

விடுதலை பெற்ற அமெரிக்கா தனி அரசாக நிலைபெற்ற பின் காட்சி மாறிற்று. நோவா வெப்ஸ்டர் 1789-இல் அமெரிக்காவுக்கு அரசியலில் மட்டுமன்றி மொழியிலும் தன்னுரிமை வேண்டும் என்று வாதிட்டார். 1828-இல் பேரகராதி ஒன்றையும் வெளியிட்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1832-இல் பிரான்சிஸ் டிராலப் அம்மையார் எழுதிய பயண நூல் வெளிவந்தது. அமெரிக்கர் வாயிலிருந்து பிழையற ஒலிக்கப்பெற்ற வாக்கியத்தைக் கேட்பது அரிது என்று அவர் குறைப்பட்டார். 1842-இல் அந்நாட்டைச் சுற்றி வந்த சார்லஸ் டிக்கன்ஸ், நியூயார்க், பாஸ்டன் நகரங்கள் நீங்கலாக எங்கும் மூக்கொலியோடு கூடிய இழுவைப் பேச்சே கேட்பதாக நண்பருக்கு எழுதினார். அடிமை முறை நிலவிய மாநிலங்களில் வளர்ந்த வெள்ளை மகளிர், தம்மை வளர்த்த கறுப்பினச் செவிலியரின் பேச்சுப் பாங்கினையே பெற்றிருந்தனர் என்பதையும் அவர் கண்டார்.

எடிஸ் கேட்ட பேச்சுக்கும் டிக்கன்ஸ் கேட்ட பேச்சுக்கும் இடையே எழுபது ஆண்டுகளே கழிந்திருந்தன. அதற்குள் ஒரு நாட்டின் நா முற்றிலும் கெட்டுவிட இயலாது. முன்னையோர் கேட்டது தம் அரசின் குடியேற்ற மக்களின் குரல். பின்னையோர் கேட்டது தம்மை உதறிச் சென்று, மன்னரின்றி மக்களாட்சி நடத்திய அயல்நாட்டாரின் குரல். உணவு மேசைப் பழக்கம், புகையிலை துப்புதல், அடிமை முறை ஆகியவற்றைக் கண்டித்த அதே நூல்களே உச்சரிப்பையும் கண்டித்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மாறியது எவர் நா?

ஆங்கிலேயர் செவியை உறுத்திய அமெரிக்க ஒலிகளுள் முதன்மையானது, சொல்லின் இறுதியிலும் மெய்யெழுத்துக்கு முன்னும் வரும் ரகரம். 'கார்', 'ஹார்ட்' முதலிய சொற்களில் அமெரிக்கர் நாவை உள்நோக்கி இழுத்து, அண்ணத்தைத் தொடாமல் இதனை ஒலிப்பர். தமிழர் செவிக்கு இது ழகரத்தின் சாயலாகக் கேட்கும். தொல்காப்பியப் பிறப்பியல் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில் சேர்த்து வைத்தமை இங்கு நினைவுக்கு வரும்.

இந்த ரகரம் அமெரிக்கர் புதிதாகச் சேர்த்ததன்று. பதினேழாம் நூற்றாண்டில் குடியேறியோர் இங்கிலாந்திலிருந்தே கொண்டு சென்றது. அதனைப் பின்னர் இழந்தது இலண்டன். அந்நகரத்தார் பேச்சில் ரகரம் தொண்டையில் அமிழ்ந்து ஏறத்தாழ நெடில் ஆகாரமாகவே ஒலிப்பதை ஜான் வாக்கர் 1791-இல் தம் உச்சரிப்பு அகராதியில் குறித்தார். 'டான்ஸ்', 'கிளாஸ்' என்னும் சொற்களில் வரும் ஆகாரமும் தென் இங்கிலாந்தில் பின்னாளில் நீண்டதே. அமெரிக்கர் 'டேன்ஸ்', 'கிளேஸ்' என்பதுபோல் ஒலிப்பது பழைய குறிலின் வழிவந்தது.

இதனால் அமெரிக்கப் பேச்சு ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் மாறாமல் எஞ்சியது என்று கொள்ளுதலும் பிழையாகும். 'வாட்டர்' என்பதை 'வாடர்' என மெலித்து ஒலிப்பது போன்ற மாற்றங்கள் அங்கும் நிகழ்ந்தன. இரு கரையிலும் மொழி மாறிற்று. ஆயினும் ஒரு கரையின் மாற்றம் வளர்ச்சி எனவும், மறுகரையின் மாற்றம் சிதைவு எனவும் பெயர் பெற்றன.

திரையும் பாட்டும்

1927-இல் பேசும்படம் வந்தபின், கடலைக் கடவாமலேயே ஆங்கிலேயர் அமெரிக்கக் குரலைக் கேட்கலாயினர். அக்குரல் ஆங்கில மொழிக்குத் தீங்கு என்று அஞ்சிய சர் ஆல்பிரட் நாக்ஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர், அமெரிக்கப் படங்களின் வரவைக் கட்டுப்படுத்துமாறு 1930-இல் அரசை வற்புறுத்தினார். ஆனால் இளைஞர் செவி வேறு வழி சென்றது. 1960-களின் தொடக்கத்தில் பீட்டில்ஸ் குழுவினர் பாடும்போது மட்டும் அமெரிக்க ரகரத்தை ஓரளவு மேற்கொண்டனர் என்பதையும், புகழ் வளர வளர அதனைக் குறைத்துக்கொண்டனர் என்பதையும் மொழியியலறிஞர் பீட்டர் டிரட்கில் 1983-இல் எடுத்துக்காட்டினார். பாட்டன்மார் இகழ்ந்த ஒலியைப் பேரர் விரும்பிப் பின்பற்றினர். இடைப்பட்ட காலத்தில் பேரரசு தேய்ந்து, அமெரிக்கா உலக வல்லரசாக உயர்ந்திருந்தது.

நியூயார்க்கு அளித்த சான்று

இலண்டனோடு வணிகத் தொடர்புடைய பாஸ்டன், நியூயார்க், சார்ல்ஸ்டன் முதலிய துறைமுக நகரங்கள் இலண்டனைப் பின்பற்றி ரகரத்தை விட்டிருந்தன. 1933 முதல் வானொலியில் மக்களோடு உரையாடிய குடியரசுத் தலைவர் பிராங்ளின் ரூசவெல்ட்டும் அதனை விட்டே பேசினார். அன்று அது உயர்குடிப் பேச்சு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலை தலைகீழாயிற்று.

1962-இல் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று கடைகளுக்குச் சென்றார். செல்வர், நடுத்தர வகுப்பார், ஏழையர் என்று முத்திறத்தாரும் முறையே பொருள் வாங்கும் கடைகள் அவை. 'நான்காம் தளம்' என்பதே விடையாக அமையுமாறு பணியாளர்களிடம் வினவினார். ஆங்கிலத்தில் அத்தொடரில் ரகரம் இருமுறை வரும். முதற்கடையில் 62 விழுக்காட்டினரும், இரண்டாவதில் 51 விழுக்காட்டினரும், மூன்றாவதில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரும் ஒருமுறையேனும் அந்த ரகரத்தை ஒலித்தனர். இலண்டனில் ரகரத்தை விடுவது உயர்வாகக் கருதப்பட்ட அக்காலத்திலேயே, நியூயார்க்கில் அதை விடுவது தாழ்வாயிற்று. அந்நகரத்து மக்கள் தம் பேச்சைத் தாமே வெறுக்கும் நிலையையும் லபோவ் தம் ஆய்வில் கண்டார். அயலார் சூட்டிய இழிவு, தாய்மொழி பேசுவோரின் உள்ளத்திலேயே குடிபுகுந்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிறைவாக

தமிழர் அமெரிக்கப் பேச்சைக் கேட்டு, வாயில் எதையோ மென்றுகொண்டு பேசுவதாக நகைப்பதுண்டு. அவர் செவி அதனை அளப்பது 'டான்ஸ்', 'கிளாஸ்' என்று ஆங்கிலேயர் ஆட்சி பழக்கிச் சென்ற அளவுகோலால். அந்த அளவுகோலே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தென் இங்கிலாந்தில் உருவானது என்பதை மேற்கண்ட வரலாறு உணர்த்துகிறது. ஓர் ஒலிக்குத் தன்னளவில் உயர்வும் இல்லை, இழிவும் இல்லை. அதனைப் பேசுவோர் உலகில் பெற்றிருக்கும் இடத்தையே கேட்போர் செவி ஒலியின் தன்மையாக மயங்கி உணர்கிறது. ஆகவே, ஒருவர் பேச்சுக் காதுக்குக் கரடு முரடாகத் தோன்றும்போது, அவர் நாவை ஆராய்வதற்கு முன் தம் செவியை ஆராய்வதே கற்றோர்க்கு அழகாகும்.