ஆல்காட் பள்ளி: கொடுத்தவர்களும் கேட்டவர்களும்

பெசன்ட் நகர் பக்கம் போகிறவர்கள் ஆல்காட் நினைவு மேல்நிலைப்பள்ளி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். கட்டணம் கிடையாது, தமிழ்வழிக் கல்வி, படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குழந்தைகள். யார் இந்த ஆல்காட்? அமெரிக்காக்காரர் ஒருவரின் பெயர் இங்கே எப்படி வந்தது?

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832ல் நியூஜெர்சியில் பிறந்தவர். விவசாய ஆராய்ச்சி, பத்திரிகை, வக்கீல் தொழில் என்று பலதும் பார்த்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ராணுவத்துக்குப் பொருள் வாங்குவதில் நடந்த மோசடிகளைத் துருவிக் கண்டுபிடித்தது அவருடைய வேலை. 1865ல் லிங்கன் கொலை பற்றிய விசாரணையிலும் பங்கேற்றார். 1875ல் பிளவாட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் சேர்ந்து நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கினார். 1879ல் பம்பாய் வந்தார்கள். 1882 கடைசியில் அடையாறு ஆற்றங்கரையில் ஒரு தோட்ட பங்களாவுக்குச் சபையின் தலைமையகம் குடிவந்தது.

பங்களாவுக்குப் பக்கத்திலேயே ஊரூர். அங்கிருந்த சேரி மக்கள் பலரும் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். அந்தக் காலத்தில் அரசாங்கக் காகிதங்களில் அவர்களுக்கு 'பஞ்சமர்' என்று பெயர். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர், 1891ல் இவர்களுடைய நிலமில்லாக் கொடுமை, கடன், அடிமை வேலை எல்லாவற்றையும் விரிவாக அறிக்கையாக எழுதினார். 1892ல் வந்த பஞ்சமி நில ஆணைக்கு அந்த அறிக்கைதான் அடிப்படை. கல்வியிலும் இதே கதைதான். சட்டப்படி பள்ளிக் கதவு திறந்திருந்தாலும், பள்ளி இருந்த தெருவுக்குள் இவர்கள் நுழைய முடியாத நிலை. மிஷனரி பள்ளிகள்தான் ஓரளவு இடம் கொடுத்தன.

இந்த நிலையில், 1894ல் ஆல்காட் ஊரூரில் ஒரு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் தொடங்க உழைத்த அனுபவம் அவருக்கு ஏற்கனவே இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை என்று மேலும் நான்கு பள்ளிகள் வந்தன. மயிலாப்பூர் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள். பல நாடுகளிலிருந்த சபை உறுப்பினர்கள் அனுப்பிய நன்கொடையும் அரசு மானியமும்தான் மூலதனம். மதம் மாற்றுவதில்லை, பிரம்மஞானமும் போதிப்பதில்லை என்று ஆல்காட் உறுதியாக இருந்தார்.

பணம் மட்டுமல்ல, ஆட்களும் கடல் கடந்து வந்தார்கள். மிஸ் பால்மர் என்ற அமெரிக்கப் பெண்மணி வந்து பள்ளிகளின் மேற்பார்வையை ஏற்றார். அவருக்குப் பின் வந்த திருமதி கோர்ட்ரைட், இந்தக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் முறையைப் பற்றி 1906ல் ஒரு சிறு நூலே எழுதினார். இன்று 'வாலண்டியர்' என்கிறோமே, அதேதான். விமானம் இல்லாத காலத்தில், கப்பலில் வாரக்கணக்காகப் பயணம் செய்து வந்தவர்கள்!

இதுவரை நல்ல கதை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. இந்தக் குழந்தைகள் எவ்வளவு படித்தால் போதும் என்பதை ஆல்காட்டே முடிவு செய்தார். எழுத்து, கணக்கு, பேசுமளவு ஆங்கிலம், சமையல் போன்ற கைவேலை. வீட்டு வேலைக்கும் சிறு வேலைகளுக்கும் போய்க் கொஞ்சம் நன்றாகப் பிழைக்கட்டும் என்பதே எண்ணம். உயர்கல்வி திட்டத்தில் இல்லை. அவருடைய நல்ல மனதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மனதுக்கு எட்டிய உயரம் அவ்வளவுதான்.

அந்த மக்கள் கேட்டது அதைவிடப் பெரியது. 1898ல் அயோத்திதாசப் பண்டிதரும் ஆசிரியர் பி. கிருஷ்ணசாமியும் ஆல்காட்டைச் சந்தித்தார்கள். தங்கள் முன்னோர்கள் பௌத்தர்கள், அந்த மார்க்கத்துக்குத் திரும்ப உதவுங்கள் என்பது அவர்கள் வைத்த கோரிக்கை. வேலையோ சோறோ கேட்கவில்லை. தங்கள் வரலாற்றையும் மரியாதையையும் கேட்டார்கள். ஆல்காட் அவர்களை இலங்கைக்கு அழைத்துச் சென்றார். அங்கே பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907ல் சொந்தமாகப் பத்திரிகையும் ஆரம்பித்தார். 'ஒரு பைசாத் தமிழன்' என்ற அந்த வார இதழ், யாருடைய தயவுக்கும் காத்திராமல் தன் மக்களுக்காகப் பேசியது.

அதே 1907 பிப்ரவரியில் ஆல்காட் அடையாறில் காலமானார். அவர் தொடங்கிய ஐந்தில் இன்று அவர் பெயரைச் சொல்லி நிற்பது அந்த முதல் பள்ளிதான்.

சேவை செய்யப் போகிற எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நோட்டுப் புத்தகமும் பழைய துணியும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவது சுலபம். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு, வரும் பதில் நம் திட்டத்தைவிடப் பெரிதாக இருந்தாலும் கூட நிற்பதுதான் கஷ்டம். ஆல்காட் 1894ல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 1898ல் அவர்களே வந்து சொன்னபோது காது கொடுத்துக் கேட்டார். அது அவருக்குப் பெருமை.

எழுத்தும் கணக்கும் போதும் என்று ஆரம்பித்த பள்ளியில் இன்று பிளஸ் டூ வரை வகுப்பு நடக்கிறது. அவர் போட்ட எல்லையை அந்தப் பள்ளியே தாண்டிவிட்டது.