மாற்றுப் பிள்ளை

1552-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், பதினாறு வயதுகூட நிறையாத ஒரு பையன் பாஸல் நகரிலிருந்து சிறிய குதிரையொன்றில் ஏறித் தெற்கு நோக்கிப் புறப்பட்டான். வழிச்செலவுக்கான பொற்காசுகளை அவனுடைய தந்தையார் மேலாடைக்குள் வைத்துத் தைத்திருந்தார். அந்தக் காசும் அவன் ஏறியிருந்த குதிரையும் கடன்பட்டு வந்தவை என்பதை விடைகொடுக்கும்போதே நினைவூட்டவும் அவர் தவறவில்லை. வழியில் ஜெனீவாவில் கால்வினைக் கண்டு, லியோன், அவிஞோன் நகரங்களைக் கடந்து, இருபது நாட்களில் மத்தியதரைக் கடலோரத்து மோன்பெலியே நகரத்தை அடைந்தான். மருத்துவம் படிப்பதற்காக வந்திருந்த அவன் பெயர் ஃபெலிக்ஸ் பிளாட்டர்.

மாணவப் பரிமாற்றம் என்ற சொல் நமக்கு எராஸ்மஸ் திட்டத்தையே நினைவுபடுத்துகிறது. அது 1987-இல் பதினொரு நாடுகளும் 3,244 மாணவர்களுமாகத் தொடங்கியது. அதற்கு 435 ஆண்டுகளுக்கு முன்பே, எந்த ஒப்பந்தமும் உதவித்தொகையும் இல்லாமல், ஃபெலிக்ஸ் பரிமாற்ற மாணவனாகப் போனான். இங்கே 'பரிமாற்றம்' என்பதை நாம் உவமையாகச் சொல்லவில்லை. மோன்பெலியேயில் அவனுக்கு உணவும் படுக்கையும் கொடுத்தவர் லொரான் கத்தலான் என்ற மருந்து வணிகர். அதற்கு ஈடாக அவருடைய மகன் கில்பேர் பாஸலில் ஃபெலிக்ஸின் தந்தை தாமஸ் பிளாட்டரின் வீட்டில் தங்கிப் படித்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு பிள்ளை என்பதுதான் கணக்கு. பணம் கைமாறவில்லை.

தாமஸ் பிளாட்டரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஆல்ப்ஸ் மலைச்சரிவில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். ஊர் ஊராகப் பிச்சையெடுத்துத் திரிந்தபடி கல்வி தேடி, பிற்காலத்தில் லத்தீனும் கிரேக்கமும் ஹீப்ருவும் கற்று, பாஸலில் பள்ளித் தலைவரானார். அச்சகமும் நடத்தினார். கால்வினின் புகழ்பெற்ற சமய நூல் 1536-இல் முதன்முதலாக அச்சேறியபோது அந்த வேலையில் பங்குகொண்ட அச்சகத்தார்களில் அவரும் ஒருவர். இத்தனை இருந்தும் கையில் ரொக்கம் இல்லை. வீடும் நிலமும் வாங்கியதில் கடன் ஏறியிருந்தது. தம்மால் ஆக முடியாத மருத்துவனாக மகன் ஆகவேண்டும் என்பது அவருடைய ஆசை. வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் ஒரு பிள்ளையை வைத்துப் படிக்கவைக்கும் வழி அவருக்கு இந்தப் பரிமாற்றத்தில்தான் கிடைத்தது.

ஏன் மோன்பெலியே? அந்த நகரம் அலை வந்து தொடும் கரையில் இல்லை. உப்பங்கழிகளுக்கு இப்பால், கடலிலிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் அதைக் கடல்தான் வளர்த்தது. கிழக்கத்திய மருந்துச் சரக்குகள் வந்திறங்கிய இடத்தில் மருந்து வணிகர்களும், அவர்களை அடுத்து மருத்துவர்களும் பெருகினார்கள். எந்த ஊரைச் சேர்ந்தவராயினும் இங்கே மருத்துவம் கற்பிக்கலாம் என்று 1181-இலேயே அந்நகரத்துப் பிரபு எட்டாம் கியேம் ஆணையிட்டிருந்தார். 1220-இல் மருத்துவப் பள்ளிக்கு முறையான சட்டதிட்டங்கள் வந்தன. 1530-இல் பிரெஞ்சு இலக்கியத்தின் பெரும் நகைச்சுவையாளர் ரபெலே இங்கேதான் மாணவராகப் பதிவு செய்தார். அவருடன் பழகிய ரோந்தலேயைத்தான் பிற்பாடு தம் நூலொன்றில் 'ரோந்திபிலிஸ்' என்ற கேலிப் பாத்திரமாக்கினார் என்பர். ஃபெலிக்ஸ் வந்து சேர்ந்தபோது அந்த ரோந்தலே பேராசிரியர். கடல் மீன்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1554-55-இல் வெளிவந்தது. அவரிடம் கற்ற இன்னொரு அயலூர் மாணவர் குளூசியஸ், கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி எழுதிய நூலை 1567-இல் லத்தீனில் சுருக்கித் தந்தார். மிளகும் ஏலமும் ஐரோப்பியத் தாவரவியலுக்குள் நுழைந்த வழிகளில் மோன்பெலியேயின் வாசலும் ஒன்று எனலாம்.

இனி கத்தலானின் வீட்டுக்கு வருவோம். கத்தலான் குடும்பத்தின் வேர் ஸ்பெயினில். வெளியே கிறித்தவர்கள், உள்ளே யூத மரபின் நினைவை விடாதவர்கள். ஸ்பெயின் நாட்டார் இகழ்ச்சியாக 'மரானோ' என்றழைத்த கூட்டம். பல்கலைக்கழகப் பேராசிரியர் சபோர்த்தாவும் அதே வழிவந்தவர்தான். அந்த வீட்டுச் சமையலில் பன்றியிறைச்சி சேராது என்பதை ஃபெலிக்ஸ் குறித்து வைத்திருக்கிறான். அவனோ சீர்திருத்தக் கிறித்தவன், கத்தோலிக்க நகரத்தில் வாய் திறக்க முடியாதவன். தவக்காலத்தில் இறைச்சியும் முட்டையும் கடும் தண்டனைக்குரிய தடை. பையன் தன் அறைக்குள் காகிதத்தில் வெண்ணெய் தடவி, தணலுக்கு மேலே பிடித்து முட்டை பொரித்துத் தின்றான். ஓடுகளை அறையிலேயே மறைத்துவைத்தான். வேலைக்காரப் பெண் கண்டுபிடித்து எஜமானியிடம் காட்டிவிட்டாள். எஜமானி கோபித்துக்கொண்டார், ஆனால் விஷயம் அந்த வீட்டுக் கதவைத் தாண்டவில்லை.

ஏன் தாண்டவில்லை என்ற கேள்வியில்தான் இந்த வரலாற்றின் உயிர் இருப்பதாக நாம் நினைக்கிறோம். காட்டிக்கொடுத்தால் ஃபெலிக்ஸுக்கு ஆபத்து, உண்மைதான். ஆனால் கத்தலானின் மகன் பாஸலில், ஃபெலிக்ஸின் தந்தையின் மேசையில் அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அது மட்டுமல்ல, விசாரணை என்று ஒன்று வந்தால் அது விருந்தாளியின் முட்டையோடு நிற்காது. வீட்டுக்காரரின் சமையலறையையும் துழாவும். பழங்காலத்து அரசர்கள் உடன்படிக்கை செய்யும்போது ஒருவர் பிள்ளையை மற்றவரிடம் பணயமாக வைப்பார்கள். பரிமாற்றம் என்ற மென்மையான சொல்லுக்கு அடியில் இருந்தது அந்தப் பழைய வழக்கம்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம்பிக்கைக்கு வேறு பிணை கிடைக்காத காலம் அது.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதை ஃபெலிக்ஸ் கண்ணாலேயே கண்டான். 1554 ஜனவரியில், ஜெனீவாவிலிருந்து நூல்கள் கொண்டுவந்த முன்னாள் பாதிரியார் ஒருவர் அந்நகரத்தில் எரிக்கப்பட்டார். கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்த பையன் பின்னாளில் அதை எழுதும்போது புலம்பவில்லை. ஒவ்வொரு செயலையும் வரிசை மாறாமல் எழுதுகிறான். மருத்துவ மாணவனின் கண் அது.

அந்தக் கண்ணுக்குப் பயிற்சி கிடைத்த விதமும் விசித்திரமானது. உடற்கூறு பயிலச் சடலங்கள் போதவில்லை. 1554 டிசம்பர் 11 இரவு, சில மாணவர்கள் நகர மதிலுக்கு வெளியே அகஸ்தீனிய மடத்தில் கூடினார்கள். அங்கிருந்த ஒரு துறவியே துணை. நள்ளிரவுவரை குடித்திருந்துவிட்டு, ஆயுதங்களோடு ஓசைப்படாமல் புனித தெனி கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அன்று புதைத்த உடலை வெறுங்கையாலேயே தோண்டியெடுத்தார்கள். நகர வாயிலில் சிலர் காவலாளியிடம் குடிக்க மது கேட்டார்கள். அவர் எடுத்துவர உள்ளே போன நேரத்தில் மற்றவர்கள் சடலத்தை இழுத்துக்கொண்டு நுழைந்துவிட்டார்கள். இது திரும்பத் திரும்ப நடக்கவே, அவ்விடத்துத் துறவிகள் விழித்திருந்து அம்பெய்யத் தொடங்கினார்கள். ரோந்தலே இறந்துபோன தம் குழந்தையின் உடலையே அறுத்துப் பார்த்தவர் என்ற செய்தியோடு சேர்த்து இதைப் படித்தால்தான் அந்தத் தலைமுறையின் வெறி ஓரளவு பிடிபடும். 1556-இல் மோன்பெலியேயில் உடற்கூற்று அரங்கம் கட்டப்பட்டது. அதே ஆண்டில் ஃபெலிக்ஸ் இளநிலைப் பட்டம் பெற்றான்.

எல்லாம் இருளும் பிணமுமாக இருந்துவிடவில்லை. அவன் வீணைக்கு உறவான லூட் என்ற நரம்பிசைக் கருவியை நன்றாக வாசிப்பான். ஊரில் 'லூட் வாசிக்கும் ஜெர்மானியன்' என்றே பெயர். மலைநாட்டுப் பிள்ளைக்குக் கடல் புதிது. வில்நெவ் பக்கத்துக் கடற்கரையில் நீராடி, சிப்பிகள் பொறுக்கினான். செடிகளைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி வைக்கும் கலையையும் அங்கேதான் பழகினான். அந்தத் தொகுப்பைப் பெருக்கிக்கொண்டே போனான். 1580-இல் பாஸல் வழியாகச் சென்ற மொந்தேய்ன் அவர் வீட்டில் அதைக் கண்டு, செடிகளுக்கு ஓவியம் தீட்டாமல் செடிகளையே ஒட்டிவைத்திருக்கும் புதுமையைத் தம் பயணக் குறிப்பில் எழுதினார். அத்தொகுப்பின் பெரும்பகுதி இன்று பெர்ன் நகரத்து நூலகமொன்றில் இருக்கிறது.

1557-இல் ஊர் திரும்பிய ஃபெலிக்ஸ் அதே ஆண்டு பாஸலில் முனைவரானார். பிற்பாடு நகர மருத்துவரும் பேராசிரியரும் ஆனார். கண்ணுக்குள் ஒளியை உணர்வது வில்லையன்று, விழித்திரையே என்று 1583-இல் அவர் எழுதியதைக் கெப்ளர் தம் ஒளியியலில் எடுத்தாண்டார். அவருடைய தம்பி, தந்தையின் முதுமையில் பிறந்த இளைய தாமஸ், 1595-இல் அதே மோன்பெலியேக்குப் படிக்கப் போனான். ஊர் திரும்பும் வழியில் சுற்றிக்கொண்டு 1599-இல் லண்டனை எட்டி, தேம்ஸ் கரை அரங்கொன்றில் ஜூலியஸ் சீசரைப் பற்றிய நாடகம் பார்த்ததாக எழுதிவைத்தான். ஷேக்ஸ்பியர் ஆய்வாளர்கள் இன்றளவும் விடாமல் புரட்டும் பக்கம் அது.

ஃபெலிக்ஸ் தம் இளமை வரலாற்றை ஒழுங்குபடுத்தி எழுத உட்கார்ந்தது 1612-இல், எழுபத்தைந்து வயதைக் கடந்த பிறகு. பழைய நாட்குறிப்புகளும் தந்தையின் கடிதங்களும் கைவசம் இருந்தன. முட்டை ஓடும், மதில் வாயிலும், மது எடுக்கப் போன காவலாளியும் அதில்தான் இருக்கிறார்கள். எம்மானுவேல் லெ ருவா லதூரி 1995-இல் பிளாட்டர் குடும்பத்தைப் பற்றி எழுதிய விரிவான நூலுக்கும் அதுவே அடித்தளம்.

கில்பேரின் பக்கம்தான் நமக்கு இல்லை. குளிர்ந்த ரைன் கரையில், வேறு மொழி பேசும் வீட்டில், பள்ளித் தலைவரின் மேசையில் அந்த மரானோப் பையன் எதை உண்டான், எதை ஒதுக்கினான், அறைக்குள் எதை ஒளித்து வைத்தான் என்பதை நாம் ஃபெலிக்ஸின் முட்டையிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.