கருவிழியின் ஓரத்தில் ஒரு குருத்து

சிவகாசிச் சீமையின் கரிசல் காட்டில் வளர்ந்தோர் நன்கறிந்த செய்தி ஒன்று உண்டு. பனையின் ஓலைகளை எத்தனை முறை கழித்தாலும் மரம் தழைக்கும். உச்சிக் குருத்தை வெட்டிவிட்டால் பட்டுப்போகும். 'ஸ்டெம் செல்' என்பதற்குக் குருத்தணு என்று பெயரிட்டவர் யாராயினும், பனையை அறிந்தவராகவே இருந்திருப்பார்.

உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1850-களில் வலியுறுத்தினார். அது இரண்டாகப் பிரிகையில் உட்கருவின் இழைகள் பங்கிடப்படும் விதத்தை வால்தர் ஃபிளெமிங் 1882-இல் வரைந்தே காட்டினார். ஆயினும் எல்லா அணுக்களும் ஓயாமல் பிரிவதில்லை. பெரும்பாலானவை சிலமுறை பிரிந்து, தம் பணி முடித்து உதிர்கின்றன. குருத்தணு அப்படியன்று. அதன் வழித்தோன்றல்களுள் சில பணிக்குச் செல்ல, சில குருத்தணுவாகவே நிலைத்து நிற்கின்றன.

நம் கருவிழியை மூடியிருக்கும் மெல்லிய மேற்படலம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதிதாகிவிடுகிறது. அதற்கான அணுக்கள் கருவிழியும் வெள்ளைவிழியும் கூடும் விளிம்பிலிருந்து வருகின்றன என்ற கருத்தை 1971-இல் டாவாங்கர், எவென்சன் என்னும் இருவர் முன்வைத்தனர். அந்த விளிம்பு வெந்துபோனால் வெள்ளைவிழியின் தோலும் இரத்தக் குழாய்களும் கருவிழிமேல் படர்ந்து பார்வையை மறைக்கும். பிறர் தானம் செய்த கருவிழியை மட்டும் பொருத்தினால் அதுவும் நிலைப்பதில்லை. அதைப் புதுப்பிக்கக் குருத்து இல்லையே!

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த நாள்முதல் சிவகாசி நெருப்பை நம்பியே வாழ்ந்து வருகிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்ததைப் போன்ற கொடுமைகளில் இறந்தோரை எண்ணுகிறோம். பிழைத்தோரின் கண்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தீ மட்டுமன்று, வெற்றிலைச் சுண்ணாம்பும் இதே விளிம்பைத்தான் அரிக்கிறது. பலியாவோர் பெரும்பாலும் குழந்தைகள். உடனே நெடுநேரம் தண்ணீரால் கழுவுவதே முதல் மருத்துவம்.

இக்கண்களுக்கான ஆய்வு நமக்கு அண்மையிலேயே நடந்தது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு அறக்கட்டளையில், பேராசிரியர் முத்துக்கருப்பனும் உடன் உழைத்தோரும் ஒரு கடினமான கேள்வியை எடுத்துக்கொண்டனர். விளிம்பிலுள்ள எண்ணற்ற அணுக்களுள் குருத்தணு எது? அதற்கெனத் தனி அடையாளம் ஏதும் கிட்டவில்லை. அணுவின் அளவை நோக்க அதன் உட்கரு பெரிதாகவும், பி63 என்னும் புரதம் மிகுதியாகவும் ஒருசேர அமைந்த சிறு கூட்டமே அது என்று 2005-இல் அவர்கள் வெளியிட்டனர். பதர் நீக்கி விதைநெல் பொறுக்கும் வேலைதான்.

நோயாளியின் நலமான கண்ணிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, வெந்த கண்ணில் ஒட்டும் முறையை 1997-இல் இத்தாலியின் பெல்லெக்ரினி குழுவினர் அறிவித்தனர். அதற்குச் செலவு மிகுதி. ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் விரேந்தர் சங்வானும் துணைவரும் 2012-இல் வெளியிட்ட முறையில் ஆய்வகமே தேவைப்படவில்லை. துணுக்கைச் சிறு சிறு துண்டாக்கி, மகப்பேற்றின்போது தாய்மார் அளித்த பனிக்குடச் சவ்வின்மேல் பரப்புகிறார்கள். அணுக்கள் கண்ணிலேயே பெருகுகின்றன.

1998-இல் மனிதக் கருவிலிருந்து குருத்தணு பிரிக்கப்பட்டபோது எழுந்த வாதத்தை நம் வாசகர் அறிவர். உயிருள்ள கருவை அழித்து அணுவெடுத்தலைக் கண்டித்த 2008-ஆம் ஆண்டின் 'திக்னித்தாஸ் பெர்சோனே' ஏடு, கொடுப்பவருக்குப் பெருந்தீங்கு நேராதவாறு வளர்ந்தோர் உடலிலிருந்து எடுப்பதை ஏற்றுக்கொண்டது. கண் விளிம்பு இந்த இரண்டாம் வகை. அதனால் இம்மருத்துவத்தை நம்மவர் ஐயமின்றி நாடலாம்.

ஆயினும் முகத்துக்கு நேரே வெடிக்கும் மருந்து ஒரு கண்ணோடு நிற்பதில்லை. இரண்டு விளிம்பும் வெந்தவர்க்கு எடுக்கத் தம் கண்ணில் எதுவும் இராது. உடன்பிறந்தோர் ஒரு துணுக்கு ஈயலாம். உடல் அதை ஏற்க நெடுங்காலம் மருந்துண்ண வேண்டும். 2004-இல் ஜப்பானின் நிஷிதா குழுவினர் நோயாளியின் வாய் உட்புறத் தோலையே வளர்த்துக் கண்ணில் ஒட்டிக் காட்டினர். கன்னத்தின் உள்ளே, நெருப்பு எட்டாத இடத்தில், அத்தோல் பத்திரமாக இருந்தது.