152 வாக்குகளின் கணக்கு: ஷெர்லி சிஷோமின் 1972 போட்டியும் ஷோலா லிஞ்சின் ஆவணப்படமும்

அமெரிக்க ஜனநாயகக் கட்சி 1972 ஜூலை 12 இரவு மயாமி பீச் மாநாட்டில் தன் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. வெற்றிக்குத் தேவைப்பட்டவை 1,509 பிரதிநிதிகளின் வாக்குகள். ஜார்ஜ் மெக்கவர்ன் அதைத் தாண்டி வென்றார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஷெர்லி சிஷோமுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 152. இந்த எண்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள், அது ஒப்புக்கு நடந்த போட்டி என்று சொல்லிவிடுவார்கள். பொதுநினைவில் நெடுங்காலம் நின்றதும் அதுதான். துணிச்சலான ஒரு கறுப்பினப் பெண்மணி அடையாளத்துக்காகக் களத்தில் நின்றார், தோற்றார், அவ்வளவே.

ஷோலா லிஞ்ச் இயக்கி 2004 சன்டான்ஸ் திரைவிழாவில் திரையிடப்பட்ட 'சிஷோம் '72: அன்பாட் அண்ட் அன்பாஸ்ட்' என்னும் ஆவணப்படம் அந்த நினைவைத் திருத்தியது. சிஷோமை அது புகழ்கிறது என்பதைவிட, அவரை ஓர் அரசியல்வாதியாக, பிரதிநிதிகளை எண்ணிக் கணக்குப்போட்டவராகக் காட்டுகிறது என்பதே முக்கியம். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, எங்கே உடைந்தது, உடைந்த பின் என்ன ஆயிற்று என்பவற்றை இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது.

'முதல்' என்ற சொல்லை இங்கே கவனமாகக் கையாள வேண்டும். குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட முதல் கறுப்பினப் பெண் சிஷோம் அல்லர். 1968இல் கம்யூனிஸ்ட் கட்சி சார்லின் மிட்செலை நிறுத்தியிருந்தது. கட்சி மாநாடுகளில் வாக்குப் பெற்ற முதல் கறுப்பினத்தவரும் சிஷோம் அல்லர். 1888 குடியரசுக் கட்சி மாநாட்டில் பிரெடரிக் டக்ளஸுக்கு ஒரு வாக்கு விழுந்தது. 1968 ஜனநாயகக் கட்சி மாநாட்டில் சானிங் பிலிப்ஸ் 67.5 வாக்குகள் பெற்றார். பெண்களில் விக்டோரியா வுட்ஹல் 1872லேயே களம் கண்டவர். மார்கரெட் சேஸ் ஸ்மித் 1964இல் குடியரசுக் கட்சிக்குள் போட்டியிட்டவர். சிஷோமின் இடம் வேறு. இரு பெரும் கட்சிகளில் ஒன்றின் வேட்பாளராவதற்காக மாநிலம் மாநிலமாக முதல்கட்டத் தேர்தல்களில் நின்று வாக்குக் கேட்ட முதல் கறுப்பினத்தவர் அவர். ஜனநாயகக் கட்சியில் அப்படி நின்ற முதல் பெண்ணும் அவரே.

புரூக்ளின் பாடம்

ஷெர்லி அனிடா செயின்ட் ஹில் என்ற இயற்பெயர் கொண்ட சிஷோம் 1924 நவம்பர் 30 அன்று புரூக்ளினில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த ஆலைத் தொழிலாளி, கறுப்பினத் தேசியவாதத் தலைவர் மார்கஸ் கார்வியின் பற்றாளர். பார்படோஸைச் சேர்ந்த தாய் தையல் வேலையும் வீட்டுவேலையும் செய்தார். இருவர் சம்பாத்தியத்திலும் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்ற முடியாமல், மகள்களைப் பார்படோஸில் இருந்த பாட்டியிடம் அனுப்பினார்கள். சிஷோம் 1934இல்தான் புரூக்ளினுக்குத் திரும்பினார். அவருடைய ஆங்கிலத்தில் கடைசிவரை ஒலித்த கரீபியச் சாயல் அந்தத் தீவிலிருந்தும் அந்த வீட்டிலிருந்தும் வந்தது.

புரூக்ளின் கல்லூரியில் பட்டம் பெற்று, குழந்தைகள் காப்பகங்களில் ஆசிரியராகவும் நிர்வாகியாகவும் பணியாற்றியபடியே பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் வட்டாரத்தின் கட்சி மன்றங்களில் வளர்ந்தார். மெக் ஹோல்டர் என்ற கயானாக்காரர் அங்கே அவருக்கு அரசியல் ஆசானாக வாய்த்தார். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் வெள்ளையர் கட்டுப்பாட்டிலிருந்த கட்சி இயந்திரத்தை எதிர்த்து வாக்குச் சேர்க்கும் கலையை அவரிடம் கற்றார். 1964இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

1968இல் தொகுதி மறுவரையறைக்குப் பின் நாடாளுமன்றத்துக்கு நின்றபோது, குடியரசுக் கட்சியும் லிபரல் கட்சியும் ஆதரித்த எதிராளி ஜேம்ஸ் ஃபார்மர், சமூக உரிமைப் போராட்டத்தில் நாடறிந்த பெயர். கறுப்பினத்தவருக்கு வாஷிங்டனில் ஓர் ஆண் குரல் வேண்டும் என்பது அவர் தரப்பின் பிரசாரம். அந்தத் தொகுதியில் பதிவுசெய்த வாக்காளர்களில் பெண்களே அதிகம் என்பதை ஹோல்டர் பட்டியலைப் புரட்டிக் கண்டுபிடித்திருந்தார். சிஷோம் பெண்கள் அமைப்புகளின் வழியே வீடு வீடாகப் போனார். புவேர்ட்டோ ரிக்கோ மக்களிடம் ஸ்பானிய மொழியில் பேசினார். ஃபார்மரைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வாக்கு பெற்று, அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினரானார். விலைபோகாதவர், எவருக்கும் கட்டுப்படாதவர் என்னும் பொருள்படும் அந்தத் தேர்தலின் முழக்கமே பின்னர் அவருடைய நூலுக்கும் லிஞ்சின் படத்துக்கும் தலைப்பாயிற்று.

நாடாளுமன்றத்தில் அவரை வேளாண் குழுவில் போட்டார்கள். மரம்கூட முளைக்காத தெருக்களின் பிரதிநிதிக்கு வேளாண்மை! புதியவர்கள் வாய்திறக்கக் கூடாது என்ற மரபை மீறி அவையில் எதிர்ப்புத் தெரிவித்து, முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றம் பெற்றார்.

விதிகள் திறந்த கதவு

சிஷோமின் துணிச்சலைப் பேசும் பலர் கட்சி விதிகளைப் பேசுவதில்லை. விதிகள் மாறாமல் இருந்திருந்தால் 1972இல் அப்படியொரு போட்டி நடந்திருக்காது.

1964 அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் மிசிசிப்பியின் சமூக உரிமைப் போராளி ஃபானி லூ ஹேமரும் தோழர்களும், கறுப்பினத்தவரை முற்றாக ஒதுக்கிய மிசிசிப்பிக் குழுவுக்கு மாற்றாகத் தங்களை ஏற்கும்படி கோரி மறுக்கப்பட்டார்கள். 1968 சிகாகோ மாநாடோ தெருவில் தடியடியும் உள்ளே கூச்சலுமாக முடிந்தது. ஒரு முதல்கட்டத் தேர்தலிலும் களமிறங்காத ஹியூபர்ட் ஹம்ப்ரி அங்கே வேட்பாளரானார். அந்த அவமானத்துக்குப் பின் பிரதிநிதித் தேர்வு முறையைச் சீர்படுத்தக் கட்சி ஓர் ஆணையம் அமைத்தது. அதன் முதல் தலைவர் மெக்கவர்னேதான். பெண்கள், இளைஞர், சிறுபான்மையினர் ஆகியோருக்கு மாநிலக் குழுக்களில் உரிய பங்கு தரவேண்டும் என்றது புதிய விதி. மாநாட்டுப் பிரதிநிதிகளில் 1968இல் சுமார் 13 விழுக்காடாக இருந்த பெண்கள் 1972இல் 40 விழுக்காடானார்கள். கறுப்பினத்தவர் சுமார் 5 விழுக்காட்டிலிருந்து 15 ஆனார்கள். 1971 ஜூலையில் 18 வயதினருக்கும் வாக்குரிமை வந்தது.

1972 ஜனவரி 25 அன்று புரூக்ளின் கான்கார்டு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் தன் போட்டியை அறிவித்தபோது சிஷோம், தான் கறுப்பினத்தவர்க்கு மட்டுமோ பெண்களுக்கு மட்டுமோ வேட்பாளரல்ல, மக்களின் வேட்பாளர் என்றார். அவர் திட்டம் வெளிப்படையானது. மாநாட்டில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் இழுபறியாகும். அப்போது கையில் பிரதிநிதிகளை வைத்திருப்பவரிடம் பெரிய வேட்பாளர்கள் பேரத்துக்கு வந்தாக வேண்டும். பதவிகளையும் கொள்கைகளையும் அங்கே கேட்டு வாங்கலாம். நம் ஊர் கூட்டணி அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பணம்தான் இல்லை. முழுப் பிரசாரத்துக்கும் செலவானது சுமார் மூன்று லட்சம் டாலர். கல்லூரி மாணவர்களும் தன்னார்வத் தொண்டர்களும் ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். புளோரிடாவில் பெண்ணிய அமைப்பினரும் கறுப்பினத் தொண்டர்களும் ஒரே மேடையை ஆளுக்கொரு நோக்கத்துக்குக் கேட்டார்கள். மார்ச் 14 அன்று அந்த மாநிலத்தில் அவருக்குக் கிடைத்தது 4 விழுக்காட்டையொட்டிய வாக்கு. இனப் பிரிவினைக் கொள்கையால் பெயர்பெற்ற அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அங்கே அமோகமாக வென்றார். வட கரோலினாவில் சிஷோம் 7 விழுக்காட்டைத் தாண்டினார்.

புளோரிடாத் தேர்தலுக்குச் சற்று முன், மார்ச் 10 முதல் 12 வரை இண்டியானாவின் கேரி நகரில் தேசியக் கறுப்பின அரசியல் மாநாடு கூடியது. சிஷோம் அங்கே போகவில்லை. மாநாடும் அவரை ஆதரித்துத் தீர்மானம் போடவில்லை. கறுப்பின ஆண் தலைவர்களில் பலர், தங்களைக் கலக்காமல் முன்னே குதித்துவிட்டார் என்று பொருமினார்கள். யாரை நிறுத்துவது என்று மாதக்கணக்கில் பேசி முடிவெடுக்காமல் இருந்தவர்கள் அவர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்ணியத் தலைவர்களும் முழுமனதோடு வரவில்லை. குளோரியா ஸ்டைனம் சிஷோமின் பிரதிநிதியாக நியூயார்க்கில் நின்றார், ஆனால் மெக்கவர்ன் பக்கமும் சாய்ந்திருந்தார். பெல்லா அப்சக் பாராட்டினார், வழிமொழியவில்லை. கறுப்பினத் தீவிர அமைப்பான கறுஞ்சிறுத்தைக் கட்சி வெளிப்படையாக ஆதரித்தபோது, அந்த ஆதரவை வேண்டாமென்று சொல்லச் சிஷோமைப் பலர் வற்புறுத்தினார்கள். அவர் மறுத்துவிட்டார்.

மே 15 அன்று மேரிலாந்தில் வாலஸ் சுடப்பட்டு முடமானார். சிஷோம் மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தார். சொந்த ஆதரவாளர்களே கொதித்தார்கள். வீட்டுவேலை செய்வோருக்குக் குறைந்தபட்ச ஊதியம் அளிக்கும் சட்டத் திருத்தத்துக்குத் தென்மாநில உறுப்பினர்களின் வாக்கைத் திரட்டித் தந்தவர் வாலஸ் என்று பிற்காலத்தில் சிஷோம் சொன்னார். அவ்வேலை செய்தே குடும்பத்தைத் தாங்கிய தாயின் மகள் அவர். 1974இல் அந்தத் திருத்தம் நிறைவேறியது.

கலிபோர்னியா தேர்தலுக்கு முன் தொலைக்காட்சி நிறுவனங்கள் மெக்கவர்ன், மீண்டும் போட்டியிட்ட ஹம்ப்ரி இருவரை மட்டும் வைத்து விவாதம் நடத்த முனைந்தபோது, சிஷோம் தரப்பு நீதிமன்றம் சென்று தனக்கும் ஒளிபரப்பு நேரம் பெற்றது. பணமில்லாத பிரசாரத்தின் மிகப் பெரிய வெற்றி இதுதான் என்பது என் கணிப்பு.

கணக்கு உடைந்த இடம்

கலிபோர்னியாவில் முதலிடம் பெறுபவருக்கே 271 பிரதிநிதிகளும் போய்ச்சேரும் பழைய விதி 1972இலும் நீடித்தது. சீர்திருத்தம் தொடாமல் விட்ட பெரிய ஓட்டை அது. ஜூன் 6 அன்று மெக்கவர்ன் அங்கே வென்று 271ஐயும் எடுத்துக்கொண்டார். மாநாட்டுக்கு முன் கூடிய தகுதி ஆய்வுக் குழு, வாக்கு விகிதப்படி பங்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்து 151 பேரை அவரிடமிருந்து பறித்தது. அந்தத் தீர்ப்பு நிலைத்திருந்தால் மெக்கவர்ன் முதல் சுற்றில் தடுமாறியிருப்பார். சிஷோம் எதிர்பார்த்த இழுபறி வந்திருக்கும். ஜூலை 10 அன்று மாநாட்டு மேடையில் மெக்கவர்ன் தரப்பைச் சேர்ந்த கலிபோர்னியாவின் கறுப்பினத் தலைவர் வில்லி பிரவுன், தன் பிரதிநிதிகளைத் திருப்பித் தரும்படி முழங்கினார். மாநாடு தீர்ப்பை ரத்துசெய்தது. சிஷோமின் பேரம் அந்த இரவோடு முடிந்தது.

இந்தக் கட்டத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது. சிஷோமின் கணக்குப் பலிக்க மெக்கவர்ன் சறுக்க வேண்டும். போர் எதிர்ப்பிலும் சமூகக் கொள்கையிலும் அவருக்கு மிக நெருக்கமானவரோ அதே மெக்கவர்ன்தான். சிஷோமின் ஆதரவாளர்கள் கடைசி நேரத்தில் கலைந்ததைத் துரோகம் என்று மட்டும் படிப்பது எளிது. அவரை உறுதியாக ஆதரித்து வந்த கலிபோர்னிய உறுப்பினர் ரான் டெலம்ஸ் மாநாட்டில் மெக்கவர்ன் பக்கம் போனார். கொள்கையைப் பார்த்தால் அந்த முடிவில் பிழை சொல்ல முடியாது. கொடுத்த வாக்கைப் பார்த்தால் சொல்லலாம். போட்டியிலிருந்து விலகிய ஹம்ப்ரி தன் கறுப்பினப் பிரதிநிதிகளைச் சிஷோமுக்கு வாக்களிக்க விடுவித்தார். அதனால்தான் எண்ணிக்கை 152 வரை ஏறியது.

லிஞ்சின் படம் இந்த நாட்களைத்தான் நின்று நிதானமாகப் பார்க்கிறது. கென் பர்ன்ஸின் நிறுவனத்தில் ஆவணப்படத் தொழில் கற்றவர் லிஞ்ச். பழைய செய்திப்படச் சுருள்களைத் தேடியெடுத்து, வயது முதிர்ந்த சிஷோமையும் அன்றைய தொண்டர்களையும் பேசவைத்து இரண்டையும் இழைத்தார். வால்டர் ஃபான்ட்ராய், அமிரி பராக்கா போன்ற, அன்று வேறு பாதையில் நின்ற கறுப்பினத் தலைவர்களும் கேமரா முன் வருகிறார்கள். மாணவியாக இருந்தபோது சிஷோமின் பிரசாரத்தில் வேலைசெய்து, பின்னர் நாடாளுமன்றத்துக்கே போன பார்பரா லீயும் பேசுகிறார். 2001 செப்டம்பரில் படைபலத்தைப் பயன்படுத்த அதிகாரமளித்த தீர்மானத்தை எதிர்த்து இரு அவைகளிலும் விழுந்த ஒரே வாக்கு அவருடையது.

படத்தின் குறை அதன் பலத்தோடு ஒட்டிப்பிறந்தது. 1972 ஜனவரி முதல் ஜூலை வரையிலான காலத்தோடு நெருங்கி நிற்பதால், பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் மன்றங்களில் ஹோல்டரிடம் கற்ற வாக்கு எண்ணும் வித்தை பின்னணிக்குப் போய்விடுகிறது. அதில்லாமல் பார்ப்பவருக்கு, இழுபறி மாநாட்டுத் திட்டம் திடீரெனத் தோன்றிய ஆசைபோலப் படக்கூடும். திட்டத்திலும் ஓட்டை உண்டு. 1952க்குப் பின் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சி மாநாடு எதுவும் இரண்டாம் சுற்று வாக்கெடுப்புக்குப் போனதில்லை. புதிய விதிகளால் உள்ளே வந்த சிஷோம், பழைய காலத்து மாநாட்டை மனத்தில் வைத்து ஆடினார் என்றே எனக்குப் படுகிறது.

சிஷோம் 2005 ஜனவரி 1 அன்று புளோரிடாவில் காலமானார். அடுத்த மாதமே படம் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, பின்னர் பீபடி விருதும் பெற்றது. 2015இல் ஒபாமா அரசு சிஷோமுக்கு மறைவுக்குப் பிந்தைய சுதந்திரப் பதக்கம் அளித்தது. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வேர்கொண்ட தாய்வழிக் குடும்பத்தின் கமலா ஹாரிஸ், 2019இல் தன் போட்டியை அறிவித்தபோது சிஷோமின் பிரசார வண்ணங்களான சிவப்பையும் மஞ்சளையும் எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டியில் முதல் வாக்கு விழும் முன்பே விலகினார். 2024இல் பைடன் விலகிய பின், அந்த ஆண்டின் முதல்கட்டத் தேர்தல்களில் நிற்காமலேயே பிரதிநிதிகளின் வாக்குகளால் வேட்பாளரானார். சிஷோம் நடந்த வழிக்கு நேர் எதிர் வழி அது.

விதிகளின் கதை மயாமியோடு நிற்கவில்லை. கலிபோர்னியா பாணியில் வென்றவரே அனைத்தையும் அள்ளும் முறையை 1972க்குப் பின் ஜனநாயகக் கட்சி படிப்படியாக ஒழித்தது. 1984, 1988 ஆண்டுகளில் ஜெசி ஜாக்சன் போட்டியிட்டார். சிஷோம் இரு முறையும் அவருக்காக உழைத்தார். பெற்ற வாக்குக்கு ஏற்பப் பிரதிநிதிகள் வேண்டும் என்று ஜாக்சன் தரப்பு கொடுத்த அழுத்தத்தில் விகிதாசாரப் பங்கீடு கட்சி முழுவதற்கும் விதியானது. 2008இல் ஹிலாரி கிளின்டனிடம் கலிபோர்னியாவில் தோற்ற ஒபாமா, அந்த மாநிலத்திலிருந்து 160க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளோடு வெளியே வந்தார்.